திறன்பேசியும் இருப்பிடத் தரவும்: நாம் எங்கே இருக்கிறோம் என்பது யாருக்குத் தெரியணும்?



சனிக்கிழமை காலை பந்திங்கிலிருந்து கிள்ளானுக்குக் கிளம்புறீங்க. எந்தச் சாலையில் நெரிசல்னு வேஸ் சொல்லிடுது. சாமான் வாங்கிட்டு, ஒரு கடையில் பசியாறிட்டு, மதியம் வீட்டுக்கு வந்துடுறீங்க. உட்கார்ந்து போனைத் திறந்தா ஓர் அறிவிப்பு: "நீங்கள் சென்ற உணவகம் எப்படி இருந்தது? நட்சத்திரம் கொடுங்கள்." அந்தக் கடைக்குப் போனதை நீங்க யார்கிட்டயும் சொல்லல. படம் எடுத்து முகநூலில் போடவும் இல்லை. அப்போ போனுக்கு யார் சொன்னா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்வது இரண்டு வகையில் உதவும். திறன்பேசி, தகவல் தொழில்நுட்பம், தனிமனிதப் பாதுகாப்பு ஆகியவை எஸ்.பி.எம். கருத்து விளக்கக் கட்டுரைக்கும் நன்னெறிக் கல்விக்கும் ஏற்ற கருப்பொருள்கள். இன்னொன்று, "டீச்சர், பிள்ளை போன்ல அவளுக்குத் தெரியாம டிராக்கர் போடலாமா?" என்று நம்மிடம் கேட்கும் பெற்றோர் பெருகிவிட்டனர். இரண்டுக்கும் பயன்படும்படி இந்தக் கட்டுரையை அமைத்திருக்கிறோம்.

1. போனுக்கு எப்படித் தெரிகிறது?

மாணவர்கள் பலர் கட்டுரையில் "செயற்கைக்கோள் மேலிருந்து நம்மைக் கண்காணிக்கிறது" என்று எழுதுகிறார்கள். இது தவறு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளுக்கு நீங்கள் யாரென்று தெரியாது. உங்களிடம் ஒரு போன் இருப்பதுகூடத் தெரியாது. அது வானொலி நிலையம் மாதிரி. தன் பாட்டுக்கு அலைபரப்பிக்கொண்டே இருக்கும். போன் அதைக் கேட்கும், அவ்வளவுதான்.

ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் "இது நான், இப்போது மணி இத்தனை" என்று துல்லியமாக அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அலை ஒளியின் வேகத்தில் வந்தாலும் தரைக்கு வந்து சேர ஒரு வினாடியில் 15-இல் ஒரு பங்கு நேரம் ஆகும். எத்தனை நேரம் எடுத்தது என்பதை வைத்துத் தொலைவைப் போன் கணக்கிடும். இடத்தைக் குறிக்க மூன்று தொலைவுகள் வேண்டும்; போனின் கடிகாரப் பிழையைச் சரிக்கட்ட நான்காவது வேண்டும். ஆகவே குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள். கடிகாரம் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். இயற்பியல் மாணவர்கள் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். திறந்த வெளியில் போன் காட்டும் இடம் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சரியாக இருக்கும்.

ஆக, செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை. நம் இடத்தைக் கண்டுபிடிப்பது நம் போன். அதை மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது போனில் உள்ள செயலிகள். எந்தச் செயலி கொடுக்கலாம் என்பதை முடிவு செய்யும் இடம் நம் கையில்தான் இருக்கிறது.

ஜி.பி.எஸ். தவிர வேறு வழிகளும் உண்டு.

அலைபேசிக் கோபுரம்: அழைப்பு வந்தால் எந்தக் கோபுரம் வழியாக அனுப்புவது என்று தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும். அதனால் போன் அருகிலுள்ள கோபுரத்தோடு தொடர்பில் இருந்துகொண்டே இருக்கும். நெருக்கமாகக் கோபுரங்கள் உள்ள நகரத்தில் சில நூறு மீட்டர் அளவுக்கு இடம் தெரியும். செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்தால் பல கிலோமீட்டர் வட்டமாக விரியும். அமைப்பில் "இருப்பிடம்" என்பதை அணைத்தாலும் இது நிற்காது. லோகேஷனை ஆஃப் பண்ணிட்டா யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான்.

வைஃபை, புளூடூத்: ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் தனி அடையாள எண் உண்டு. எந்த எண் எந்தத் தெருவில் இருக்கிறது என்ற பெரிய பட்டியலைக் கூகுளும் ஆப்பிளும் வைத்திருக்கின்றன. நீங்கள் அந்த வைஃபையில் இணையக்கூட வேண்டாம்; போனுக்கு அதன் அலை கேட்டாலே போதும். பேரங்காடிக்குள் ஜி.பி.எஸ். அலை எட்டாதபோதும் வரைபடம் வேலை செய்வது இதனால்தான்.

படங்கள்: கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த இடம் எண்களாகப் பதிந்துவிடும். புலனத்தில் (வாட்ஸ்அப்) சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த எண்கள் நீங்கிவிடும். தெளிவாக இருக்கட்டும் என்று "ஆவணம்" ஆக அனுப்பினால் நீங்காது. பள்ளி நிகழ்ச்சிப் படங்களை நாம் பெரும்பாலும் ஆவணமாகத்தானே அனுப்புகிறோம்!

2. புள்ளிகள் என்ன சொல்லும்?

"நான் எங்க போனா என்ன? தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்" என்று பலர் சொல்வார்கள். ஒரு பயிற்சி செய்து பார்ப்போம். கீழே இருப்பது கற்பனையான ஒரு போனின் ஒரு மாதப் பதிவு. பெயர் இல்லை, எண் இல்லை, வெறும் இடமும் நேரமும்தான்.

இரவு 11 முதல் காலை 6 வரை: பந்திங்கில் ஒரு தாமான், ஒரே வீடு.
திங்கள் முதல் வெள்ளி, காலை 7.15 முதல் பிற்பகல் 2 வரை: தெலுக் டத்தோ அருகே ஓர் இடைநிலைப்பள்ளி.
செவ்வாய்தோறும் பிற்பகல் 3.30: கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, ஒன்றரை மணி நேரம்.
வெள்ளி மாலை 7.30: ஒரு கோயில்.
சனிக்கிழமை இரண்டு முறை, காலை 10: பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம்.

இதைப் படித்ததும் உங்கள் மனம் என்ன செய்தது? இவர் ஓர் ஆசிரியர். இந்து. ஏதோ தொடர் சிகிச்சை எடுக்கிறார். விவாகரத்தோ சொத்துத் தகராறோ நடக்குது. ஒரு நிமிடத்தில் ஒருவருடைய தொழில், சமயம், உடல்நலம், குடும்பச் சிக்கல் என்று எல்லாவற்றையும் ஊகித்துவிட்டோம்.

இப்போது இன்னொரு கோணம். அவர் செவ்வாய்தோறும் தம் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவராக இருக்கலாம். அந்த வழக்கறிஞர் அவருடைய தங்கையாகவே இருக்கலாம். அப்படியானால் நம் ஊகம் பாதி தவறு. இருப்பிடத் தரவு "எங்கே" என்று சொல்லும். "ஏன்" என்று சொல்லாது. அந்த "ஏன்" என்பதைப் பார்ப்பவர் தாமே நிரப்பிக்கொள்கிறார். பார்ப்பவர் முதலாளியாகவோ காப்புறுதி நிறுவனமாகவோ சந்தேகப்படும் உறவினராகவோ இருந்தால், செய்யாத ஒன்றுக்கு நாம் பதில் சொல்ல வேண்டி வரும். சரியான தகவல் கசிவது ஓர் ஆபத்து. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

"பேரை எடுத்துட்டா பிரச்சினை இல்லையே?" என்ற வாதமும் உண்டு. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 15 இலட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசி இருப்பிடப் பதிவுகளை ஆராய்ந்தது. பெயர்கள் நீக்கப்பட்டிருந்தும், இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் தெரிந்தால் 95 விழுக்காட்டினரின் பதிவுகளைத் தனித்துப் பிரித்துவிட முடியும் என்று அது காட்டியது. நம் பயிற்சியையே பாருங்கள். அந்தத் தாமானில் உறங்கி அந்தப் பள்ளியில் வேலை செய்பவர் எத்தனை பேர் இருக்க முடியும்? ஒருவர், மிஞ்சினால் இருவர்.

கூட்டமாகச் சேர்த்த தரவும் காட்டிக்கொடுக்கும். ஓட்டப் பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி, பயனர்கள் ஓடிய தடங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஓர் உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் அதில் ஒன்றைக் கவனித்தார். மக்கள் நடமாட்டமில்லாத பாலைவனப் பகுதிகளில் சில தடங்கள் பளிச்சென்று தெரிந்தன. அவை இராணுவத் தளங்கள். வீரர்கள் உடற்பயிற்சிக்காக ஓடிய ஓட்டம் முகாமின் எல்லையையே வரைந்து காட்டிவிட்டது. யாருடைய பெயரும் அந்த வரைபடத்தில் இல்லை.

3. இந்தப் புள்ளிகள் யார் கையில்?

நான்கு தரப்பினரைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் வராது. முதலாவது, தொலைத்தொடர்பு நிறுவனம். இரண்டாவது, போனின் இயங்குதளத்தையும் செயலிகளையும் நடத்தும் நிறுவனங்கள். மூன்றாவது, அரசாங்கம். நான்காவது, நம்மைச் சுற்றியிருக்கும் மனிதர்கள்: பெற்றோர், துணைவர், காதலர், நண்பர், முன்பின் தெரியாதவர்.

நிறுவனங்களைப் பற்றி ஓர் எடுத்துக்காட்டு. "இருப்பிட வரலாறு" என்ற அமைப்பை அணைத்த பிறகும் வேறோர் அமைப்பின் வழியாகக் கூகுள் இருப்பிடத்தைச் சேமித்து வந்ததை 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. இதன் தொடர்பில் 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் செலுத்தக் கூகுள் உடன்பட்டது. ஒரு விசையை அணைத்தோம், வேலை முடிந்தது என்று இருக்க முடியாது என்பதற்கு இது நல்ல சான்று.

4. நம் நாட்டில் நடந்தவை

கோவிட் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தொடக்கத்தில் கடை வாசலில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருக்கும். பெயர், போன் நம்பர், உடல் வெப்பம் எழுதிவிட்டு உள்ளே போவோம். அடுத்து வரிசையில் நிற்பவர் நம் நம்பரை நிதானமாகப் படிக்கலாம். பிறகு மைசெஜாத்ரா வந்தது. 2020 ஏப்ரலில் அறிமுகமான அந்தச் செயலியில் கியூஆர் குறியீட்டை வருடித்தான் எங்கும் நுழைந்தோம். தொற்று கண்டவரோடு தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறிய அது உதவியது. பொதுநலனுக்காக நம் நடமாட்டத்தை நாமே பதிவு செய்ய ஒப்புக்கொண்டோம்.

2022 மார்ச்சில் அந்தச் செயலி யாருக்குச் சொந்தம், அதிலுள்ள தரவு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி பெரிதாக எழுந்தது; நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் இவ்விவகாரத்தைப் பேசியது. தரவு அரசாங்கத்துக்கே சொந்தம் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் விளக்கம் கொடுத்தார். 2022 மே 1 முதல் வருகைப் பதிவு கட்டாயமில்லை என்றானது. இதிலிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கருத்து: நல்ல நோக்கத்துக்காகத் தரவு சேர்ப்பது தவறில்லை. ஆனால் யார் வைத்திருக்கிறார், எத்தனை நாள் வைத்திருப்பார், வேறு எதற்குப் பயன்படுத்துவார் என்ற மூன்று கேள்விகளுக்கும் சேர்ப்பதற்கு முன்பே பதில் இருக்க வேண்டும்.

பதில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2017 அக்டோபரில் லோயாட் இணையத்தளம் வெளியிட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. மலேசியாவின் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்திருந்தன. அப்போது நம் மக்கள்தொகையே ஏறக்குறைய 3 கோடியே 20 இலட்சம்தான். ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண் இருந்ததால் நாட்டு மக்கள் ஏறக்குறைய அனைவரும் அதில் அடக்கம் எனலாம். வீட்டு முகவரி, அடையாள அட்டை எண், சிம் அட்டை விவரம் எல்லாம் அதில் இருந்தன. போன் எண்ணை மாற்றிவிடலாம். அடையாள அட்டை எண்ணை மாற்ற முடியுமா?

மூன்றாவது நிகழ்வு அண்மையது. 2025-இன் முதல் காலாண்டுக்கான கைப்பேசித் தரவைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் கேட்டிருந்தது என்ற செய்தி 2025 ஜூன் தொடக்கத்தில் வெளிவந்து பெரும் விவாதமானது. தனிநபரை அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்ட தரவுதான் கேட்கப்பட்டது, இணைய வசதியைத் திட்டமிடவும் உள்நாட்டுச் சுற்றுலாப் புள்ளிவிவரத்துக்கும்தான் அது பயன்படும் என்று ஆணையம் விளக்கியது. இந்த நோக்கத்தில் நியாயம் உண்டு. எந்தக் கம்பத்தில் இணையம் மந்தம், விடுமுறையில் மோரிப் கடற்கரைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்தால் நல்லதுதானே. ஆனால் மேலே பார்த்த "நான்கு புள்ளி" ஆய்வை இங்கே நினைத்துப் பாருங்கள். பெயரை நீக்கினால் மட்டும் போதுமா, பதிவுகளை எந்த அளவுக்குத் தொகுத்துக் கொடுக்க வேண்டும் என்பதே உண்மையான கேள்வி. இருபக்கமும் வாதிட இடமிருப்பதால் விவாதக் கட்டுரைக்கு இது மிகப் பொருத்தமான சான்று.

5. சட்டம் என்ன சொல்கிறது?

நம் கூட்டரசு அரசியலமைப்பில் "தனியுரிமை" என்ற சொல் ஓர் உரிமையாக எழுதப்படவில்லை. ஆனால் 2010-இல் சிவராசா ராசையா தொடுத்த வழக்கில், 5-ஆவது பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் தனியுரிமையும் அடங்கும் என்று நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் எழுதிய கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு கூறியது. வழக்கு வழக்கறிஞர் மன்றப் பதவி பற்றியது. அதில் சிவராசா தோற்றார். இருந்தாலும் தீர்ப்பின் அந்தக் கருத்து இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது சட்டம் 709, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. நம் ஒப்புதலோடு, சொன்ன நோக்கத்துக்கு மட்டும், பாதுகாப்பாக, தேவையான காலத்துக்கு மட்டும் தரவை வைத்திருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. 2024-இல் திருத்தப்பட்டு, 2025-இல் கட்டங்கட்டமாக நடப்புக்கு வந்தது. இந்தக் கோட்பாடுகளை மீறினால் உச்ச அபராதம் 3 இலட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 இலட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டும் என்பதும் கட்டாயமானது.

இச்சட்டத்தில் இரண்டு இடைவெளிகளைக் கவனியுங்கள். ஒன்று, கூட்டரசு, மாநில அரசாங்கங்களை இது கட்டுப்படுத்தாது. இரண்டு, இது வணிகத் தொடர்பான தரவுக்கு மட்டுமே பொருந்தும். கணவர் மனைவியின் போனில் கண்காணிப்புச் செயலி போட்டால் இந்தச் சட்டம் உதவிக்கு வராது.

அங்கேதான் குற்றவியல் சட்டத்தின் 507ஏ பிரிவு வருகிறது. 2023 மே 31 முதல் நடப்பில் உள்ள இப்பிரிவு, ஒருவருக்கு அச்சமோ மனவுளைச்சலோ ஏற்படும்படி மீண்டும் மீண்டும் பின்தொடர்வதைக் குற்றமாக்குகிறது. எந்த வழியில் பின்தொடர்ந்தாலும் சரி, இரண்டு முறை நடந்தாலே "மீண்டும் மீண்டும்" என்று கொள்ளலாம். தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

அயல்நாட்டுத் தீர்ப்புகள் இரண்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2018-இல் கார்ப்பென்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒருவரின் 127 நாள் கோபுரத் தரவைப் பொதுவாக நீதிமன்ற ஆணையின் பேரிலான தேடுதல் அனுமதி இல்லாமல் போலீஸ் பெறக் கூடாது என்று சொன்னது. அந்த 127 நாளில் ஒரு மனிதரைப் பற்றிப் பதிவான புள்ளிகள் 12,898. அதாவது ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல். இந்தியாவில் 2024 ஜூலை 8-இல், பிணையில் வெளிவந்தவர் தம் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தில் விசாரணை அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவரின் அந்தரங்கத்தையும் எட்டிப் பார்க்கும் நிபந்தனை கூடாது என்பது அதன் கருத்து. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை உண்டென்றால், குற்றமே செய்யாத ஒரு படிவம் மூன்று மாணவிக்கு?

6. "டீச்சர், டிராக்கர் போடலாமா?"

இப்படிக் கேட்கும் தாயைக் கண்டிக்க வேண்டாம். அவருடைய பயம் உண்மையானது. மாலை வகுப்பு முடிந்து பிள்ளை வர அரைமணி நேரம் தாமதமானால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் "போடுங்க" என்றோ "கூடாது" என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லாமல், மூன்று கேள்விகளை அவரிடம் திருப்பிக் கேளுங்கள்.

பிள்ளைக்குத் தெரியுமா? தெரிந்து, ஒப்புக்கொண்டு போட்டால் அது பாதுகாப்பு. தெரியாமல் போட்டால் அது வேவு. வேவு என்றைக்காவது வெளிப்படும். அதன்பிறகு கெட்டிக்காரப் பிள்ளை போனைத் தோழியிடம் கொடுத்து நூலகத்தில் விட்டுவிட்டு வேறெங்காவது போகும். அம்மாவின் வரைபடத்தில் புள்ளி நூலகத்திலேயே இருக்கும். புள்ளியை நம்பித் தைரியமாக இருக்கும் தாய்க்குப் பிள்ளை எங்கே என்று உண்மையில் தெரியாது. இரகசியக் கண்காணிப்பு போனின் இடத்தைத்தான் காட்டும், பிள்ளையின் இடத்தை அல்ல.

எப்போது, எதுவரை? மாலை வகுப்பிலிருந்து வீடு திரும்பும்வரை என்றால் புலனத்தில் நேரலை இருப்பிடம் போதும். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று கால அளவு தேர்ந்தெடுக்கலாம். நேரம் முடிந்ததும் தானே நின்றுவிடும். 24 மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பார்த்ததை வைத்து என்ன செய்வீர்கள்? "ஏன் அந்தக் கடையில பத்து நிமிஷம் நின்ன?" என்று ஒவ்வொரு நாளும் விசாரணை நடந்தால், அடுத்த முறை உண்மையான சிக்கல் வரும்போது பிள்ளை முதலில் மறைப்பது அம்மாவிடம்தான். மலேசியா 1995-இல் இணைந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு பிள்ளைகளின் தனியுரிமையையும் பேசுகிறது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லலாம்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். "என்மேல உனக்கு நம்பிக்கை இருந்தா எப்பவும் லோகேஷன் ஷேர் பண்ணு" என்று ஒருவர் கேட்டால், அங்கே நம்பிக்கை இல்லாதது கேட்பவரிடம்தான். மறுத்தால் மிரட்டுகிறார், எங்கே போனாலும் வந்து நிற்கிறார் என்றால் அதை அன்பென்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேசுங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 999.

"ஒளிக்க ஒன்னும் இல்லைனா பயம் எதுக்கு?" என்பவர்களுக்கு ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகையை ஊருக்கே கொடுக்கிறோம். ஜாதகத்தை அப்படிக் கொடுப்பதில்லை. ஜாதகத்தில் குற்றம் எதுவும் எழுதியிருக்காது. ஆனாலும் அதை யாருக்குக் காட்டணும் என்பது நம் முடிவு. தனியுரிமை என்பது அந்த முடிவெடுக்கும் உரிமை.

7. இன்றே செய்யக்கூடியவை

(அ) போனின் அமைப்பில் இருப்பிட அனுமதிப் பட்டியலைத் திறங்கள். வரைபடம், வாடகைக் கார் செயலிகளுக்குப் "பயன்படுத்தும்போது மட்டும்" என்பது போதும். கைவிளக்கு, விளையாட்டுச் செயலிகளுக்கு அனுமதி எதற்கு? எடுத்துவிடுங்கள்.
(ஆ) வானிலை போன்ற செயலிகளுக்குத் "துல்லியமான இருப்பிடம்" என்பதை அணையுங்கள். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12 முதல் இந்த வசதி உண்டு. பந்திங்கில் மழை வருமா என்று சொல்ல உங்கள் வீட்டு எண் தேவையில்லை.
(இ) கூகுள் கணக்கில் "காலவரிசை"யையும் "இணைய, செயலி நடவடிக்கை"யையும் இரண்டையும் பாருங்கள். வேண்டாததை அழித்து, தானே அழியும் கால அளவை அமையுங்கள்.
(ஈ) நேரலை இருப்பிடத்தை யாருக்கெல்லாம் பகிர்கிறீர்கள் என்று புலன அமைப்பில் ஒரு பட்டியல் உண்டு. மாதம் ஒருமுறை பாருங்கள்.
(உ) பள்ளிச் சுற்றுலா, போட்டிப் படங்களை அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகு பதிவேற்றுங்கள். பிள்ளைகள் இப்போது இங்கே இருக்கிறார்கள் என்று ஊருக்கு அறிவிக்க வேண்டாம்.
(ஊ) தெரியாத ஏர்டேக் போன்ற கருவி உங்களோடு நகர்வதாகப் போன் எச்சரித்தால் அலட்சியம் செய்யாதீர்கள். கருவியைத் தேடி எடுங்கள். தூக்கி எறிந்துவிடாமல் போலீசிடம் கொடுங்கள், அது சான்று.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்பாடத்தை நடத்தும்போது மாணவர்களின் சொந்தக் காலவரிசையை வகுப்பில் திறந்து காட்டச் சொல்லாதீர்கள். மருத்துவமனை, நீதிமன்றம், பிரிந்து வாழும் அப்பாவின் வீடு என்று எது வேண்டுமானாலும் அதில் இருக்கலாம். தனியுரிமையைக் கற்பிக்கப் போய் அதை நாமே மீறக் கூடாது. மேலே தந்துள்ள கற்பனைப் பதிவையே பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள்.

8. தேர்வு மாணவர்களுக்கு

இத்தலைப்பில் கட்டுரை எழுதும்போது நேரும் பிழைகள் மூன்று. நன்மையை மறந்து தீமையை மட்டும் அடுக்குவது. "சட்டம் முழுமையாகப் பாதுகாக்கிறது" என்றோ "சட்டமே இல்லை" என்றோ ஒரேயடியாகச் சொல்வது. சான்று இல்லாமல் கருத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவது. ஒவ்வொரு பத்தியிலும் கருத்து, விளக்கம், சான்று, விளைவு என்ற வரிசை இருக்கட்டும்.

மாதிரிப் பத்தி: "இருப்பிடக் கண்காணிப்பு பொதுநலனுக்குத் துணைபுரியும் என்பதை மறுக்க இயலாது. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் மைசெஜாத்ரா செயலியின் வழி மக்கள் தங்கள் வருகையைப் பதிவு செய்தனர். இதனால் தொற்று கண்டவரோடு தொடர்பிலிருந்தோரைக் கண்டறிய வழி பிறந்தது. எனினும், அத்தரவு யாருடைய பொறுப்பில் உள்ளது என்ற ஐயம் 2022-இல் எழுந்தது. எனவே, தரவு சேகரிப்புக்கு நன்னோக்கம் மட்டும் போதாது, வெளிப்படைத்தன்மையும் இன்றியமையாதது."

கலைச்சொற்கள்: தனியுரிமை, இருப்பிடத் தரவு, ஒப்புதல், கண்காணிப்பு, வேவு பார்த்தல், தரவுக் கசிவு, வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை.

உயர்நிலைச் சிந்தனை வினாக்கள்:
1. பெயர் நீக்கப்பட்ட இருப்பிடத் தரவை அரசாங்கம் திட்டமிடலுக்குப் பயன்படுத்தலாமா? இரு நிபந்தனைகளோடு உமது கருத்தை நிறுவுக.
2. பதினைந்து வயதுப் பிள்ளையின் இருப்பிடத்தைப் பெற்றோர் அறிய விரும்புகின்றனர். பாதுகாப்பும் நம்பிக்கையும் கெடாதவாறு ஓர் உடன்பாட்டை வரைக.
3. இருப்பிடத் தரவு "எங்கே" என்பதைக் கூறும். "ஏன்" என்பதைக் கூறாது. இக்கூற்றை ஒரு சூழலுடன் விளக்குக.

இரண்டாம் வினாவை வகுப்பில் எழுத வைத்த பிறகு, அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மா அப்பாவிடம் காட்டச் சொல்லுங்கள். சில வீடுகளில் டிராக்கர் போடுவதற்கு முன்னாலேயே பேச்சு தொடங்கிவிடும்.